தள்ளுவது காற்றுதான்: சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் செய்யும் காற்றழுத்தச் சோதனைகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கப்படும்போது, மறுநாள் பள்ளிக்கு விடுமுறை உண்டா என்பதற்காகவே நம் வீட்டுப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அந்த நீளமான சொல்லை ஐந்து வயதிலேயே பிசகாமல் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு அழுத்தம் எப்படி இருக்கும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், பெரியவர்களில் பலர் தடுமாறிப் போகிறோம். அந்தக் கேள்விக்குச் சமையலறைப் பொருள்களைக் கொண்டே விடை காட்ட முடியும். நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து, என் மகளோடு பலமுறை செய்து பார்த்த சோதனைகளை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் பெரியவர்கள் தங்களுக்குள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "உறிஞ்சுகிறது", "இழுக்கிறது", "ஒட்டிக்கொள்கிறது" என்று நாம் அன்றாடம் சொல்லும் பல நிகழ்வுகளில், உண்மையில் எதுவும் எதையும் இழுப்பதில்லை. ஒரு பக்கம் காற்றின் அழுத்தம் குறையும்போது, மறுபக்கத்துக் காற்று தள்ளுகிறது, அவ்வளவுதான். கீழே வரும் ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அது ஒன்றுதான்: "இப்போது எந்தப் பக்கத்துக் காற்று தள்ளியது?"

கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைக் காற்று செலுத்துகிறது. விரித்த ஒரு சிறு பிள்ளையின் உள்ளங்கை 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் இரண்டு 25 கிலோ அரிசிச் சிப்பங்களை வைத்ததற்கு ஈடான அழுத்தம் எப்போதும் இருக்கிறது. அப்படியானால் கை ஏன் கீழே விழவில்லை என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். புறங்கையின் பக்கமிருந்தும் காற்று அதே அளவுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக் கையைத் திருப்பிக் காட்டினால் போதும். காற்றுக்கு எடை உண்டு என்பதையும் இத்தோடு சேர்த்துச் சொல்லலாம்: பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறைக்குள் இருக்கும் காற்றின் எடை 30 கிலோவுக்கு மேல் வரும். ஆறு வயதுப் பிள்ளையின் எடையை விட அது அதிகம் என்று கேட்டபோது, என் மகள் அறையின் மூலை முடுக்கெல்லாம் அண்ணாந்து பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

காற்றுக்கும் இடம் வேண்டும்

முதல் சோதனை எளிமையானது. ஒரு செய்தித்தாள் துண்டைக் கசக்கி, கண்ணாடி டம்ளரின் அடியில் விழாதபடி அழுத்தித் திணியுங்கள். ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, டம்ளரைத் தலைகீழாக, துளியும் சாயாமல் நேராக உள்ளே அமிழ்த்துங்கள். பத்து எண்ணிய பிறகு அதே போல் நேராகவே வெளியே எடுத்தால், தாள் நனையாமல் இருக்கும். அடுத்த முறை, தண்ணீருக்குள் இருக்கும்போதே டம்ளரை மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். குமிழிகள் குபுகுபுவென்று மேலே வரும், தாள் நனைந்துவிடும். வெளியேறிய குமிழிகள்தாம் அதுவரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருந்த காற்று என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். நாம் விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

சொன்ன பேச்சைக் கேட்கும் பாட்டில்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்ய நேரம் இருக்குமானால், இதைத்தான் செய்யுமாறு சொல்வேன். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், சூடாக்கிய கோணூசியால் சிறு துளை ஒன்றைப் பெரியவர் போட வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் சோதனை பலிக்காது. அரிசி மணியின் பருமனைத் தாண்டாமல் இருப்பது நல்லது. துளையை விரலால் பொத்திக்கொண்டு பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கமாகத் திருகிவிட்டு விரலை எடுங்கள். சில சொட்டுகள் விழலாம். பிறகு தண்ணீர் நின்றுவிடும். மூடியைச் சற்றே தளர்த்தினால் துளையிலிருந்து தாரை பீறிடும். மறுபடி இறுக்கினால் நின்றுபோகும். "ஓடு" என்று சொல்லித் தளர்த்துவதும், "நில்" என்று சொல்லி இறுக்குவதுமாகப் பிள்ளைகள் இதை இருபது தடவையாவது செய்வார்கள். குளியலறையிலோ முற்றத்திலோ வைத்துக்கொண்டு, அலுக்கும் வரை விட்டுவிடுங்கள்.

மூடி இறுக்கமாக இருக்கும்போது உள்ளே புதிய காற்று நுழைய வழியில்லை. தண்ணீர் கொஞ்சம் இறங்க முயன்றாலும் மேலே உள்ள அழுத்தம் குறைந்துவிடுகிறது. வெளிக்காற்றோ துளையின் வாயில் நின்று தண்ணீரை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மூடி தளர்ந்ததும் மேலிருந்தும் அதே வெளிக்காற்று தள்ளத் தொடங்குவதால், தண்ணீர் தன் எடையால் கீழே இறங்கிவிடுகிறது. பாட்டிலைக் கையால் அமுக்கினால் மூடி இறுக்கமாக இருந்தாலும் தண்ணீர் வரும் என்பதால், கழுத்தைப் பிடித்துத் தூக்குவதே நல்லது.

இதை நம் வீடுகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. எண்ணெய் டின்னை உடைக்கும்போது பாட்டிமார் ஒரு துளையோடு நிறுத்துவதில்லை. எதிர் மூலையில் இரண்டாவது துளையையும் போடுவார்கள். ஒரு துளை மட்டும் இருந்தால் எண்ணெய் களக் களக் என்று விக்கி விக்கி வரும்; இரண்டாவது துளை வழியாகக் காற்று உள்ளே போனால் ஒரே சீராக ஒழுகும். தேநீர்க் கடையில் டின்பாலின் மூடியில் இரண்டு துளைகள் இருப்பதும் இதே காரணத்தால்தான். பாட்டில் சோதனை முடிந்தபின், அதே பாட்டிலில் பாதி உயரத்தில் இன்னொரு துளையைப் போட்டு, மூடியை இறுக்கி வைத்துக்கொண்டே பாருங்கள். மேல்துளை வழியாகக் காற்றுக் குமிழிகள் உள்ளே போக, கீழ்த்துளை வழியாகத் தண்ணீர் நிற்காமல் வரும். எண்ணெய் டின்னின் இரகசியம் அங்கே கண்ணெதிரே விளங்கும்.

அழைப்பிதழ் அட்டையும் டம்ளரும்

கல்யாண அழைப்பிதழ்கள் வீட்டில் சேர்ந்து கிடக்கும். வழவழப்பான, வளையாத அட்டை ஒன்றை எடுத்து, டம்ளரின் வாயை விடச் சற்றுப் பெரிய சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். டம்ளரில் விளிம்பு தட்டும் வரை தண்ணீர் ஊற்றி, அட்டையை ஒரு பக்கமிருந்து நகர்த்தி மூடி, உள்ளங்கையால் தாங்கியபடி தலைகீழாகக் கவிழ்த்து, கையை மெல்ல விலக்குங்கள். அட்டை விழாது, தண்ணீரும் கொட்டாது. முதல் தடவை பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் செய்வது நல்லது; டம்ளரை ஆட்டினாலோ, அட்டை ஊறித் தளர்ந்துவிட்டாலோ எல்லாம் கொட்டிவிடும். கண்ணாடி டம்ளரைப் பிள்ளையிடம் கொடுக்க அச்சமாக இருந்தால் கனமான பிளாஸ்டிக் டம்ளர் போதும்.

என் மகள் இதை முதலில் பார்த்தபோது, அட்டையில் பசை தடவியிருக்கிறேன் என்று உறுதியாக நம்பினாள். அட்டையின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள்; பிறகு, அவளே ஒரு சோப்பு அட்டைப்பெட்டியை வெட்டிக் கொண்டுவந்து, இதை வைத்துச் செய் என்றாள். சந்தேகப்பட்டுச் சரிபார்க்கக் கேட்ட அந்த நிமிடத்தை விட மேலான பயனை இந்தச் சோதனையிலிருந்து நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எனவே உங்கள் பிள்ளையும் நம்ப மறுத்தால் விளக்கம் சொல்லி அடக்காமல், வேறு அட்டை, வேறு டம்ளர் என்று மாற்றி மாற்றிச் செய்ய விடுங்கள்.

கணக்கு இதுதான். டம்ளரின் வாய் 7 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன் பரப்பு 38 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். கீழிருந்து காற்று ஏறக்குறைய 40 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரோ கால் கிலோதான். டம்ளர் பாதி நிரம்பியிருந்தாலும் பெரும்பாலும் சோதனை பலிக்கும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். உள்ளே அடைபட்ட காற்றும் கீழ்நோக்கித் தள்ளத்தானே செய்யும்? கவிழ்த்தவுடன் அட்டை மிகச் சிறிதளவு கீழே உப்புவதால் உள்காற்று விரிவடைந்து அதன் அழுத்தம் குறைகிறது. 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்க, நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே போதும். விளிம்புக்கும் அட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய நீர்ப்படலம் வெளிக்காற்று நுழையாமல் அடைத்துக்கொள்கிறது. இவ்வளவையும் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வயதுக்காரர் கேட்டால் சொல்லலாம்.

ஸ்ட்ராவும் சப்பாத்தி மாவும்

ஸ்ட்ராவில் பழரசம் குடிக்கும்போது நாம் அதை இழுப்பதாகவே எல்லாரும் நினைக்கிறோம். அந்த எண்ணத்தை மாற்ற, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பழரசத்தைக் கழுத்து வரை நிரப்பி, ஸ்ட்ராவை நட்டு, சுற்றியுள்ள இடைவெளி முழுவதையும் சப்பாத்தி மாவால் காற்றுப் புகாதபடி அடைத்துவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். கன்னம் இரண்டும் ஒட்டிப்போகுமளவுக்கு முயன்றாலும் ஒரு மிடறுக்கு மேல் வராது. பிறகு மாவில் ஒரு குச்சியால் துளை போடுங்கள். உடனே தாராளமாக வரும். நம் வாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே நம் வேலை. பழரசத்தின் மேற்பரப்பை அழுத்தி ஸ்ட்ராவுக்குள் ஏற்றுவது வெளிக்காற்றின் வேலை. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் இதைச் செய்தால் பாட்டிலே உள்பக்கமாக ஒடுங்கி, பழரசத்தை மேலே ஏற்றிவிடும் என்பதால் கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும்.

காற்று தள்ளித்தான் தண்ணீர் ஏறுகிறது என்றால், அது ஏறும் உயரத்துக்கும் ஓர் எல்லை இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது, ஏறத்தாழ 10 மீட்டர். கிணற்றிலிருந்து அதற்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாமல் பம்புகள் திணறியது 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பெரும் புதிராக இருந்தது. தண்ணீருக்குப் பதிலாக, அதை விடச் சுமார் 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டு, காற்றின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத்தையே தாங்கும் என்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டியது அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகளின் மேல் நிற்கும் அடிகுழாய்களில், தண்ணீரைத் தூக்கும் உருளை மேலே இல்லாமல் கீழே, தண்ணீருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதற்கும் இந்த எல்லையே காரணம்.

நாளிதழின் எடை

மேசையின் விளிம்புக்கு வெளியே மூன்றில் ஒரு பங்கு நீட்டியிருக்குமாறு மரத்தாலான அடிக்கோல் ஒன்றை வைத்து, மேசை மேலுள்ள பகுதியின் மீது நாளிதழின் முழுத் தாளை விரித்து, நடுவிலிருந்து ஓரம் வரை கையால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். நீட்டியுள்ள முனையை மெதுவாக அழுத்தினால் தாள் அலட்டிக்கொள்ளாமல் மேலே எழும்பும். திடீரென்று தட்டினாலோ எழும்ப மறுக்கும். மலிவான அடிக்கோலாக இருந்தால் உடைந்தும் போகலாம், ஆகவே தட்டும் வேலை பெரியவருடையது, பிள்ளை எட்ட நிற்க வேண்டும். விரித்த தாளின் மேல் அழுத்தும் காற்று ஏறக்குறைய 4 டன் எடைக்குச் சமம். மெதுவாகத் தூக்கும்போது தாளுக்கு அடியிலும் காற்று புகுந்து சமன் செய்துவிடுகிறது. வேகமாகத் தட்டும்போது அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

மருந்துக் கடையில் ஊசியில்லாமல் 20 மில்லிலிட்டர் சிரிஞ்சு வாங்கிக்கொண்டால் இன்னும் இரண்டு விளையாட்டுகள் உண்டு. நுனியை விரலால் பொத்திக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்துவிட்டால், அது தானாகவே உள்ளே ஓடும். பட்டாணி அளவுக்குக் காற்றடைத்து முடிச்சிட்ட குட்டிப் பலூனை உள்ளே போட்டு அதே போல் இழுத்தால் பலூன் பருக்கும். தண்டை அமுக்கினால் சுருங்கும். பலூன் துண்டுகள் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், சோதனை முடிந்ததும் அவற்றை எண்ணி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

சூடும் குளிர்ச்சியும்

சூடான சாம்பாரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி உடனே இறுக மூடிவிட்டால், மதியம் மூடி திறக்காமல் அடம்பிடிப்பதை எல்லாரும் கண்டிருப்போம். உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து நீராகிவிட, அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. டப்பாவை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் திறந்துவிடும். இதையே பாட்டிலில் காட்டலாம்: குளிக்கும் சூட்டை விடச் சற்றே கூடுதலான வெந்நீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பங்கு ஊற்றிக் குலுக்கி, கொட்டிவிட்டு உடனே மூடியை இறுக்கி, குழாய்த் தண்ணீருக்கு அடியில் காட்டுங்கள். பாட்டில் கடகடவென்று நசுங்கும். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் வெப்பத்தாலேயே சுருங்கிவிடும், கையும் வெந்துபோகும். வெந்நீரைப் பெரியவர் மட்டுமே கையாள வேண்டும். மூடி திருகுவது முதல் நசுங்குவது வரை பிள்ளை செய்யலாம். அழுத்தம் என்றதும் நினைவுக்கு வரும் குக்கரை மட்டும் எந்தச் சோதனைக்கும் எடுக்க வேண்டாம்.

தட்டில் பீட்ரூட் சாறு கலந்த தண்ணீரை ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை நிறுத்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை எல்லாருக்கும் தெரிந்தது. சுடர் அணைந்ததும் சிவப்புத் தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று இதற்குச் சொல்லப்படும் விளக்கம் தவறானது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. சுடர் அணையும்போது டம்ளருக்குள் ஆக்சிஜனின் பெரும்பகுதி மீதமிருக்கிறது. எரிந்த பகுதிக்கு ஈடாகக் கரியமிலவாயுவும் நீராவியும் உண்டாகின்றன. கூர்ந்து பார்த்தால் மூன்று செய்திகள் கண்ணில் படும். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்புக்கு அடியில் சில குமிழிகள் வெளியேறும். சூட்டில் விரிந்த காற்று அது. தண்ணீர் விரைந்து ஏறுவது, சுடர் எரியும்போது அல்ல, அணைந்த பிறகு, உள்ளே காற்று குளிரும்போதுதான். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்திகளை ஏற்றிச் செய்தால், அதே டம்ளருக்குள் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லையே, பிறகு எப்படிக் கூடுதலாக ஏறியது என்று கேட்டுப் பாருங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் "சூடு" என்ற விடைக்குத் தாமாகவே வந்துவிடுவார்கள். தீ தொடர்பான இந்தச் சோதனையின்போது தளர்ந்த பருத்தி உடையும், விரித்த தலைமுடியும் அருகில் இருக்க வேண்டாம்.

இரண்டு பலூன்களுக்கு இடையே ஊதுவது, தாள் நாடாவின் மேல் ஊதி அதை எழும்பச் செய்வது ஆகியவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். செய்ய எளியவைதாம், ஆனால் ஓடும் காற்றின் அழுத்தத்தைச் சரியாக விளக்குவது பெரியவர்களுக்கே கடினம், "வேகமாக ஓடும் காற்றுக்கு அழுத்தம் குறைவு" என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒருவரி விளக்கம் பாதிதான் சரி.

மலைக்குக் கொண்டுபோகும் பாட்டில்

கடைசிச் சோதனைக்கு விடுமுறைப் பயணம் ஒன்று தேவை. ஊட்டி, கொடைக்கானல் பாதைகளில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், ஏற்காட்டைச் சொல்கிறேன். சேலத்தில் புறப்படும்போது, காற்று அடைத்த உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் பிள்ளையின் மடியில் கொடுத்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போவதற்குள் அது தலையணை போல் விம்மியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லலாம். மேலே நம் தலைக்கு மேலுள்ள காற்று குறைவு, ஆகவே வெளியிலிருந்து பாக்கெட்டை அமுக்கும் அழுத்தமும் குறைவு. 1648இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், தன் அக்காள் கணவரைக் கொண்டு பாதரசக் குழாயைப் பிரான்சின் பூய் தெ தோம் மலை மீது எடுத்துச் செல்லவைத்து, உச்சியில் பாதரச மட்டம் இறங்குவதைக் கண்டறிந்ததும் இதே உண்மையைத்தான்.

திரும்பும் முன், மெல்லிய காலிப் பாட்டில் ஒன்றை ஏரிக்கரையில் திறந்து, மலைக்காற்றை அடைத்து மூடியை இறுக்கிப் பிள்ளையிடமே கொடுங்கள். வழியில் திறக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அடிவாரம் வந்து சேரும்போது பாட்டிலின் பக்கங்கள் உள்பக்கமாக ஒடுங்கியிருக்கும். காதருகே வைத்து மூடியைத் திருகினால், உஸ்ஸென்ற சிறு ஓசையோடு அது நிமிரும். அந்த ஓசை காற்று உள்ளே போவதா, வெளியே வருவதா என்று கேளுங்கள்.